கவச உடைக்குள்ளிருந்து பேசுவது

2021 மே, ஜூன் மாதங்களில் காவிரி டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் செவிலியராக இருந்தேன். கவச உடைக்குள் வியர்த்துக் கொட்டியதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அந்த உடை எங்கள் பேச்சை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

என்95 முகக்கவசம் எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை 12 டெசிபல் வரை விழுங்கிவிடுகிறது. மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வயதானவர்களின் காது முதலில் இழப்பதும் அதே ஒலிகளைத்தான். உதடும் தெரியாது. பக்கத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் இரைந்துகொண்டிருக்கும். நாம் சொன்னதில் வெறும் முனகல்தான் அவர்களிடம் போய்ச் சேரும்.

கத்தியும் பயனில்லை. கத்தினால் உயிரோசைதான் உரக்கிறது, மெய் மழுங்கியே கிடக்கிறது. நம் முகம் சிரிக்கிறதா கடுகடுக்கிறதா என்று தெரியாமல் படுத்திருப்பவருக்கு அது திட்டாகத்தான் கேட்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து தலையாட்டல். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் டாக்டரோ நர்ஸோ எது சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிடுவார்கள். திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பு. காலமெல்லாம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன ஓர் அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. குப்புறப் படுக்கச் சொன்னால் தலையாட்டுவார், மல்லாந்தே கிடப்பார். ஒத்துழைக்க மறுக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிற நிலை வந்துவிட்டது. அவர் கண்முன்னே ஒரு தலையணையை என் நெஞ்சோடு அணைத்து, குனிந்து, கன்னத்தை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினேன். "இதைத்தான் சொல்கிறாயா தாயி" என்பதுபோல் கையை விரித்துவிட்டு, தானே புரண்டு படுத்தார். 88இல் நின்ற அளவு மெல்ல 93க்கு ஏறியது.

அதன்பின் யாருடைய தலையாட்டலையும் நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. "இப்போது என்ன செய்யப் போகிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்பேன். பேசும் முன் தோளைத் தொட்டு, எதிரே அவர் கண்மட்டத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு செய்தி. உடையின் மார்பில் மார்க்கரால் பெரிதாக என் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக டம்ளர், கழிப்பறை, வலிக்கிற இடம் என்று அட்டையில் வரைந்து வைத்தோம். சொல்லப்போனால், அந்த அட்டையை எல்லோருமே பயன்படுத்தினார்கள்.

அவர்கள் பேச்சும் எங்களுக்கு விளங்காது. ஆக்சிஜன் மாஸ்க் அவர்கள் வாயை மூடியிருக்கும், உடையின் தலைமூடி எங்கள் காதை மூடியிருக்கும். விவசாயி ஒருவர் காலையிலிருந்து எதையோ கேட்டுத் தவித்தார். தாளும் பேனாவும் கொடுத்தோம். கை நடுங்க "மேட்டூர்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "ஜூன் 12 திறக்கிறார்கள்" என்று கீழே எழுதிக் காட்டினேன். அன்று இரவு அவர் அமைதியாகத் தூங்கினார். குறுவைக்கு நாற்று விடுகிற காலத்தில் ஒரு மனிதருக்கு வேறு என்ன கவலை இருக்கும்?

எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. எழுபதைக் கடந்த ஒருவரைப் 'புத்தி தடுமாற்றம்' என்று குறித்து வைத்திருந்தார்கள். அவருடைய காதுக் கருவி வெளியே மகனிடம் ஒரு பையில் இருந்தது. வாங்கி மாட்டிவிட்டோம். ஊர், பேரன்களின் பெயர், தனக்குப் போட்ட ஊசி எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னார். முகக்கவசத்தின் காதுப்பட்டை கருவியை இழுத்துத் தள்ளிவிடும் என்பதால், அவருக்கு மட்டும் தலைக்குப் பின்னால் கட்டும் வகையைக் கொடுத்தோம். வார்டில் சேர்க்கும்போதே "காதுக் கருவி, கண்ணாடி, பல்செட் இருக்கிறதா?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்?

இப்போது காசநோய்ப் பிரிவில் இருக்கிறேன். இங்கும் என்95தான். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதற்குப் பயந்து நிறுத்திவிடக் கூடாது, ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். இது காதில் விழாமல் போனால், பயந்துபோய் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். அதனால் அவர்களே எனக்குத் திருப்பிச் சொல்லும்வரை மாத்திரை அட்டையைக் கையில் கொடுப்பதில்லை.