ஏழு மணிக்கு ஓடும் பெல்லட்டும் மாமாவின் மயிலும்

மூன்று மாதமாக ஒரே தொல்லை. பத்து மீட்டர் தூரத்து அட்டையைக் குறிபார்த்துச் சுடும் என் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) ஐந்து பெல்லட், அதாவது சின்ன ஈயக்குண்டு, சுட்டால் ஒன்று கீழே இடப்பக்கம், கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்துக்கு ஓடிவிடும். மற்ற நான்கும் ஒன்பது, பத்து பாயின்ட் என்று விழும். போன ஞாயிற்றுக்கிழமைதான் காரணம் பிடிபட்டது.

முதல் சந்தேகம் பெல்லட் மேல். ஆன்லைனில் வாங்கிய 500 பெல்லட் டப்பாவில் கால்வாசி பின்விளிம்பு நசுங்கி வந்திருந்தது. கேட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வேறு கடையில் 4.49, 4.50 மில்லிமீட்டர் இரண்டு தலை அளவிலும் வாங்கிச் சுட்டேன். கிரிப்பை, அதாவது கைப்பிடியை, உப்புத்தாளால் தேய்த்தேன். ஏழு மணி மாறவே இல்லை.

கடைசியில் ட்ரிக்கர். போட்டி விதிப்படி அதை இழுக்கத் தேவைப்படும் பாரம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. சின்ன டப்பாவில் ஆணிகளைப் போட்டு, கம்பிக் கொக்கி வைத்து, தெருமுனைப் பலசரக்குக் கடைத் தராசில் சரியாக 500 நிறுத்துக்கொண்டேன். பெல்லட் போடாமல் காற்றை மட்டும் ஏற்றி, குழலை நேர் மேலே நிறுத்தி, ட்ரிக்கர் நடுவில் கொக்கியை மாட்டித் தூக்கினேன். விடவில்லை, நல்லது. ஆணியைக் கூட்டிக்கொண்டே போனால் 640 வரை விடவில்லை! பழைய உரிமையாளர் இறுக்கி வைத்திருக்கிறார். அதைவிட மோசம், ட்ரிக்கர் இரண்டு கட்டமாக இழுபடுவதில் முதல் கட்டம் பஞ்சு மாதிரி, பாரம் முழுக்க, முட்டி நின்று பிறகு விடும் இரண்டாம் கட்டத்தில். அந்தச் சுவரில் முட்டியதும் விரலோடு மணிக்கட்டும் சேர்ந்து இழுக்கிறது. கால் கால் சுற்றாகத் திருகி, முதல் கட்டத்தில் 350, மீதி இரண்டாவதில் என்று மொத்தம் 510-க்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம். அப்புறம் சுட்ட 40-ல் ஏழு மணிக்குப் போனவை இரண்டே இரண்டு!

அன்றைக்குத்தான் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மாமா வந்தார். தட்டட்டியில் (மொட்டைமாடியில்) நான் சுட்ட அட்டைகளைப் பார்த்துவிட்டு, "மருமவனே, தோட்டத்துல மயில் அழிமாட்டம் தாங்கல. இத எடுத்துட்டு வந்து ரெண்டு தட்டு தட்டும்வே" என்றார். மாட்டேன் என்றேன். "துப்பாக்கின்னா உசுர எடுக்கத்தானவே செஞ்சிருக்கான்? பேப்பர்ல ஓட்டை போடவா?"

ஆமாம் மாமா, இது பேப்பரில் ஓட்டை போடத்தான். பெல்லட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். தலை தட்டை. தாளில் வட்டமாக வெட்டி விழுந்தால்தான் பாயின்ட் எண்ண முடியும் என்று அப்படிச் செய்தது. கிரிப்புக்குள் கையை நுழைத்து உட்காரவைக்கவே அரை நிமிடம் ஆகும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பெல்லட். பத்து பாயின்ட் வட்டம் 11.5 மில்லிமீட்டர், அந்த வட்டத்துக்காகவே ஒவ்வொரு திருகும்.

எல்லாத் துப்பாக்கிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி வேறு சாதி. பையில் ஒளித்து, எடுத்த கையோடு அடுத்தடுத்துச் சுடவென்றே வடித்தது. என் பிஸ்டலின் குழலும் குறிமுள்ளும்கூடப் போரிலிருந்தும் வேட்டையிலிருந்தும் வந்தவைதான். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். என்னுடையது அதில் பாதியைக்கூடத் தொடாது. ஆனாலும் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால்தான் அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடிக்க இரும்புப் பெட்டி, கதவுக்குத் தாழ்ப்பாள். ஒன்றுக்காகச் செய்ததை வேறொன்றுக்குத் திருப்ப முடியும். திருப்ப மாட்டேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும், பிஸ்டல் சொல்லாது. அதுவும், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கூந்தன்குளம் மாமா ஊருக்குப் பக்கம். அதைச் சொன்னதும் மாமா பேசவில்லை. மயிலுக்கு வலை கட்ட அடுத்த மாதம் போகிறேன்.

இரும்புப் பெட்டிக்குள் மாவு மாதிரி இறுகாமல் இருக்கும் பட்டியைப் (putty) பூச வேண்டும், குண்டு மோதும் சத்தத்தில் கீழ்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிறது. சென்னையில் ஒரு கடையில் கேட்டிருக்கிறேன். இதற்கிடையில் நேற்று மறுபடி ஆணி டப்பாவைத் தொங்கவிட்டால் 530. இரண்டாம் கட்டத் திருகு தானாக நகர்கிறது போல. அதைப் பசை போட்டு நிறுத்தாமல் அடுத்த அட்டை மாட்டப் போவதில்லை.