அம்மாவின் பல்செட்டும் ஒரு மாத அலைச்சலும்

அம்மாவுக்கு மேல்தாடையில் முழு பல்செட் போட்டு நான்கு வருடமாகிறது. செட் கொடுத்த இடத்தில் மாட்டவும் கழற்றவும் சொல்லிக்கொடுத்தார்கள். ராத்திரி கழற்றி வைக்கவேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்னும் ஆறமாட்டேன் என்கிறது.

முதலில் கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்துப் புண்ணானது. பக்கத்து கிளினிக்கில் வாயைத் திறக்கச் சொல்லாமலே பி காம்ப்ளெக்ஸ் எழுதினார்கள். இரண்டு வாரம் சாப்பிட்டும் புண் அப்படியே இருந்தது.

அடுத்து ஒரு பல் கிளினிக். வரிசையாக நாற்காலிகள், நடுவில் தடுப்பு கிடையாது. அத்தனை பேர் முன்னால் செட்டைக் கழற்ற அம்மா கூச்சப்பட்டார். டாக்டரும் செட்டோடு பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பொருந்தியிருக்கு" என்று அனுப்பிவிட்டார். இரண்டு மணி நேரக் காத்திருப்பு வீண். இந்த விஷயத்தில் நோய் இருப்பதே செட்டுக்கு அடியில்தான். கழற்றாமல் பார்த்தால் பார்த்ததாகவே அர்த்தமில்லை.

மூன்றாவதாக பல் மருத்துவக் கல்லூரி. பயிற்சி டாக்டர் பெண் திரையை இழுத்துவிட்டு, "இங்க யாரும் பாக்க மாட்டாங்க, கழட்டுங்க பாட்டிம்மா" என்றார். மேல் அண்ணம் முழுக்க ரத்தச் சிவப்பு. செட்டின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கேயே, கோடு போட்ட மாதிரி சிவப்பும் முடிந்தது. அம்மாவுக்கு வலியே இருந்ததில்லை. செட்டின் உள்பக்கத்தை அந்த டாக்டர் சுரண்டிக் காட்டினார். வெள்ளையாக மாவு போல் வந்தது.

கேண்டிடா என்ற பூஞ்சையாம். பலருடைய வாயிலும் சும்மா இருப்பதுதான். செட்டுக்கு அடியில் நாக்கும் உமிழ்நீரும் போய்க் கழுவ முடியாது, தூக்கத்தில் உமிழ்நீரும் குறைந்துவிடும். செட் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அம்மா பல்பொடி போட்டுத் தேய்த்ததில் விழுந்த கீறல்கள் அவற்றுக்கு இன்னும் வசதி. கூடவே சர்க்கரையும் ஏறியிருந்தது.

பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல் என்ற மருந்து கொடுத்தார்கள். அதை அண்ணத்தில் மட்டும் தடவினால் போதாது, செட்டின் உள்பக்கத்திலும் தடவவேண்டும். இல்லாவிட்டால் செட்டிலிருந்தே திரும்ப ஒட்டிக்கொள்ளும். பற்பசை வேண்டாம், சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வெந்நீர் பட்டால் செட் வளைந்துவிடும், காயவிட்டாலும் வடிவம் மாறலாம், அதனால் ராத்திரி சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கட்டும், கைதவறினாலும் உடையாது.

"பேரப்பிள்ளைங்க பொக்கை வாயைப் பாத்துடுவாங்களே" என்பதுதான் அம்மாவின் கவலை. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னேன். செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்று அதில் வந்தது. அதற்கும் அவர் மசியவில்லை. கடைசியில் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை வாங்கி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். விளக்கை அணைத்த பிறகு கழற்றிப் போடுகிறார். பதினைந்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன், அண்ணம் இளஞ்சிவப்புக்குத் திரும்பியிருந்தது.