வைரஸ் புகுந்த கணினியை மீட்க
முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம்), வங்கிக் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றவே கூடாது. நீங்கள் தட்டும் விசைகளை வைரஸ் உளவு பார்க்கலாம். கைபேசியில் மாற்றுங்கள்.

அடுத்து விண்டோஸோடு வரும் விண்டோஸ் செக்யூரிட்டி செயலியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் செய்யுங்கள். சுமார் 15 நிமிடம். விண்டோஸ் எழும்புமுன்பே ஓடுவதால், ஒளிந்திருக்கும் வைரஸும் சிக்கலாம்.

பிறகும் கணினி முடங்கி நீலத்திரை வந்தால், உடனே சிம் லிம் சதுக்கத்துக் கணினிக் கடைகளுக்கு ஓடாதீர்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவிப் பாருங்கள். வைரஸ் இல்லாத வேறொரு கணினியில், 8 ஜிபி யூஎஸ்பியில் விண்டோஸ் நிறுவியைத் தயாரியுங்கள். (உள்ளிருப்பது அழிந்துவிடும், காலி யூஎஸ்பியே நல்லது.) படங்கள், ஆவணங்களை மட்டும் வெளி வட்டில் காப்பாற்றுங்கள், மென்பொருள் கோப்புகள் வேண்டாம், அவற்றோடு வைரஸும் திரும்பிவரலாம். வட்டு பிட்லாக்கரில் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) பூட்டியிருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள். நிறுவும்போது பழைய பார்ட்டிஷன்களை (வட்டின் பிரிவுகளை) அழித்துவிடுங்கள்.

புதிய விண்டோஸிலும் கணினி நின்றுபோனால் ராம் (நினைவகம்) அல்லது வட்டைச் சோதியுங்கள்.