புரட்டாசிக்கும் ஒரு பிரிவு: டர்பனில் நாங்கள் போட்ட பேரன்டிங் பிளான்

தென்னாப்பிரிக்காவில் புருஷன் பெண்டாட்டி இருவரும் சம்மதித்தே பிரிந்தாலும், பதினெட்டு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கோர்ட் லேசில் விவாகரத்து கொடுக்காது. பிள்ளை யாரோடு இருக்கும், மற்றவர் எப்போது பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில் நீதிபதிக்குத் திருப்தி வரவேண்டும். 1979ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. "பொம்பளப் பிள்ளை, உங்கிட்டதான விடுவாங்க, ஏன் கவலைப்படுற?" என்றாள் மதுரையிலிருந்து அக்கா. இங்கே அப்படி ஒரு விதியே கிடையாது. பிள்ளையின் நலன் எது என்பதற்கு 2005ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அம்மா என்பதால் யாருக்கும் கூடுதல் மதிப்பெண் போடுவதில்லை.

நாங்கள் ரீஜனல் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். சம்மனோடு பிள்ளையைப் பற்றித் தனியாக ஒரு படிவம் கொடுக்க வேண்டும். எங்கே படிக்கிறாள், எந்த வீட்டில் இருக்கிறாள், உடல்நலம் எப்படி என்றெல்லாம் சத்தியம் செய்து எழுதித் தருவது. அது ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்துக்குப் போகும். 1987இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு உண்டாக்கிய அரசு அலுவலகம், கட்டணம் கிடையாது. பெயரைப் பார்த்து நமக்கு வாதாட வரும் வக்கீல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் யார் பக்கமும் இல்லை, பிள்ளைக்கு எது நல்லது என்று கோர்ட்டுக்கு அறிக்கை கொடுப்பவர். அந்த அறிக்கை ஒரு பரிந்துரைதான், முடிவு நீதிபதியுடையது. ஆனாலும் அதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள் என்று என் வக்கீல் சொன்னார்.

பிள்ளை யாரோடு இருக்கும் என்பது போன்றவற்றுக்கு, வழக்கு முடிகிறவரைக்குமான இடைக்கால உத்தரவு கேட்க ரீஜனல் கோர்ட்டில் ரூல் 58, ஹைகோர்ட்டில் ரூல் 43 என்று விதிகள் உண்டு. நாங்கள் அதற்குப் போகாமல் வக்கீல்கள் மூலம் கடிதத்திலேயே பேசி முடித்துக்கொண்டோம். பணம் மிச்சம்.

விசாரணை நாளில் ஃபேமிலி அட்வகேட்டோடு ஒரு சோஷியல் வொர்க்கரும் உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்டார்கள். என் கணவர் குடித்துவிட்டு வந்து சண்டை போட்டதை நான் சொல்ல ஆரம்பித்ததும், "அப்போது பிள்ளை எங்கே இருந்தாள்?" என்று குறுக்கிட்டார் சோஷியல் வொர்க்கர். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் அதே கேள்விதான். எரிச்சலாக இருந்தது. ஆனால் சரியான கேள்வி.

மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். தன் விஷயத்தில் தன் கருத்தைச் சொல்ல, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி, பிள்ளைக்கும் உரிமை உண்டு என்கிறது சட்டம். ஆயா, அதாவது என் மாமியார், "இங்க நாய்க்குட்டி இருக்குன்னு மறக்காம சொல்லு" என்று முதல் நாளே பாடம் நடத்தியிருக்கிறார். அம்மா வேண்டுமா அப்பா வேண்டுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம். காலையில் யார் எழுப்புகிறார்கள், தலை பின்னி விடுவது யார், வயிறு வலித்தால் யாரிடம் சொல்வாய், இதைத்தான் கேட்டார்களாம். நாய்க்குட்டி பற்றிச் சொல்ல இடமே கிடைக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டாள்.

அறிக்கை வருவதற்குள் பேரன்டிங் பிளான் எழுதிவிடலாம் என்று முடிவானது. பெற்றோர் தாங்களே பேசி எழுதும் ஒப்பந்தம் இது. ஃபேமிலி அட்வகேட்டிடம் பதியலாம், கோர்ட் உத்தரவாகவும் ஆக்கலாம். வக்கீல் அனுப்பிய முதல் வரைவில் அப்பாவுக்கு "நியாயமான அளவில்" பிள்ளையைப் பார்க்க உரிமை உண்டு என்று ஒரே வரி. எனக்கு நியாயமாகப் படுவது அவருக்குப் படாததால்தானே கோர்ட் வாசலில் நிற்கிறோம்! திருப்பி அனுப்பினேன்.

என் கருத்து இதுதான்: பிளானில் எவ்வளவு சில்லறை விஷயம் இருக்கிறதோ அவ்வளவு சண்டை குறையும். ஒன்றுவிட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அப்பா நேராகப் பள்ளியிலிருந்து கூட்டிப்போவார், திங்கள் காலை பள்ளியிலேயே விடுவார். நானும் அவரும் வாசல் கேட் அருகில் முகம் பார்க்கத் தேவையே இல்லை. ஆஸ்துமா பம்ப் இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று, பள்ளிப் பையில் ஒன்று. மகளோடு ஃபோனில் பேச மாலையில் ஒரு நேரம், அப்போது நடுவில் யாரும் வந்து பேசக் கூடாது.

பண்டிகைதான் பெரும் பாடு. தீபாவளிக்கு இந்த நாட்டில் அரசு விடுமுறை கிடையாது. அது வார நாளில் வந்தால் யார் பள்ளிக்கு லீவு லெட்டர் கொடுப்பது என்பதுவரை எழுதினோம். ஒரு வருஷம் எனக்கு, மறு வருஷம் அவருக்கு. பெரிய வெள்ளி எப்போதும் அவர் வீட்டாருக்கு. ஊரிலிருப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், டர்பன் பக்கத்து மவுன்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலில் தீமிதி நடப்பது அன்றைக்குத்தான். கரும்புத் தோட்டக் காலத்தில் கூலிகளுக்கு லீவு கிடைத்தது அப்போதுதான் என்பார்கள். அவர் தாத்தா காலத்திலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகும் குடும்பம், அதில் நான் பங்கு கேட்கவில்லை.

புரட்டாசியில் மட்டும் பேச்சு நின்றே போனது. தமிழே பேசத் தெரியாத மாமியார் வீட்டில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நானோ சனிக்கிழமைக்கு மட்டும் சைவம். என் வீட்டில் பிள்ளை முட்டை சாப்பிட்டாள் என்று ஆயா அழுதார். கடைசியில் அதற்கும் ஒரு பிரிவு: புரட்டாசியில் இரண்டு வீட்டிலும் சைவம். பதிலுக்கு நான் கேட்டது, என் வீட்டில் தமிழ் வகுப்பு, அதில் யாரும் தலையிடக் கூடாது. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சமரசம் பேசிய மீடியேட்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

ஊருக்குப் போகவேண்டியவர்கள் பாஸ்போர்ட் விஷயத்தைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவருமே கார்டியன், அதாவது சட்டப்படி பாதுகாவலர், என்றால் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கவும், நாட்டைவிட்டு வெளியே கூட்டிப்போகவும் இருவர் சம்மதமும் வேண்டும். ஒருவர் மறுத்தால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும், அதற்குள் டிக்கெட் விலை எங்கேயோ போய்விடும். டிசம்பர் லீவில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் மதுரை, புறப்படும் தேதிக்கு முன்பே அவர் அஃபிடவிட் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், திரும்பும் டிக்கெட்டை நான் முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். திரும்பி வருவேனா என்ற பயம் அவருக்கு இருந்தது. அது நியாயமான பயம்தான்.

ஜீவனாம்சம் வேறு, பிள்ளையைப் பார்ப்பது வேறு. பணம் வரவில்லை என்றால் மெயின்டெனன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம், அதற்காகப் பிள்ளையை அனுப்பாமல் இருக்க முடியாது. கோர்ட் உத்தரவை மீறிப் பார்க்கவிடாமல் தடுத்தால் அபராதமோ ஒரு வருஷம்வரை சிறையோ கிடைக்கலாம். வீடு மாறினாலும் மற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் பிளானை விவாகரத்துத் தீர்ப்போடு சேர்த்து நீதிபதி உத்தரவாக்கிவிட்டார். அலுவலகத்தில் பதிந்ததோடு விட்டிருந்தால் இருவரும் சேர்ந்து ஃபேமிலி அட்வகேட்டிடம் கேட்டே திருத்தியிருக்கலாம். உத்தரவானபின் எதை மாற்றவும் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அடுத்த வருஷம் மகள் ஹைஸ்கூல் போகிறாள், வெள்ளிக்கிழமை நெட்பால் பயிற்சி வருகிறது, பள்ளி விடும் நேரம் மாறும். முதலில் மீடியேட்டரிடம் உட்கார வேண்டும் என்று பிளானிலேயே இருப்பதால் அதற்கு நாள் கேட்டிருக்கிறோம்.