ஐந்து நொடியில் தோற்றதும் தேறியதும்

மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பின் பயிற்சிக்காக மதுரையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, கிருமிகளைச் சாயத்தால் இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றல் எனக்கு எளிதாக வந்துவிடும் என்றே நம்பியிருந்தேன். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வீட்டில் பிறந்தவனுக்குச் சாயம் என்ன புதிதா என்ற எண்ணம். அந்த எண்ணம் முதல் வாரத்திலேயே கலைந்தது.

1884-ஆம் ஆண்டு பெர்லினில், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாக்களைத் தெளிவாகப் பார்க்க முயன்ற டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்ட முறை இது. ஸ்லைடில் சீழையோ சளியையோ மெல்லியதாகத் தேய்த்து, உலரவிட்டு, சுடரில் காட்டிப் பதிய வைத்த பின், கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், பிறகு ஆல்கஹால் அல்லது அசிட்டோனால் நிறநீக்கம், முடிவில் சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். ஊதாச் சாயமும் அயோடினும் சேர்ந்த கூட்டுப்பொருளைத் தடித்த செல்சுவர் கொண்ட கிராம் பாசிட்டிவ் கிருமிகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மெல்லிய சுவரும் கொழுப்பு மிகுந்த வெளிச்சவ்வும் கொண்ட கிராம் நெகட்டிவ் கிருமிகள் அதை இழந்து, சஃப்ரனினின் சிவப்பை ஏற்கின்றன.

நான் சறுக்கியது நிறநீக்கத்தில். கொத்துக் கொத்தாக ஊதா நிறத்தில் தெரிய வேண்டிய ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி, என் ஸ்லைடில் மட்டும் சிவந்து கிடந்தது. அசிட்டோனை ஐந்து நொடி அதிகம் ஊற்றியிருந்தேன். அப்படியே அறிக்கை எழுதியிருந்தால் மருத்துவரின் மருந்துத் தேர்வே திசைமாறியிருக்கும். ஆய்வகத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த ஊழியரான அக்கா, "கடிகாரத்தப் பாக்காதீங்க தம்பி, ஸ்லைடுல இருந்து வடியிறதப் பாருங்க" என்றார். வடியும் திரவத்தில் ஊதா நின்றவுடனே தண்ணீரில் கழுவிவிட வேண்டும் என்பதே அதன் பொருள். தேய்ப்பு எங்கே தடிக்கிறதோ அங்கே சாயம் தாமதமாக நீங்கும் என்பதால், மெல்லியதாகத் தேய்க்கவே இரண்டு வாரம் பழகினேன்.

அதன் பிறகும் ஒருமுறை ஏமாந்தேன். நுண்ணோக்கியின் 100 எக்ஸ் லென்ஸில் கருஊதாப் புள்ளிகள் ஏராளமாகத் தெரிய, கிருமிதான் என்று மகிழ்ந்தேன். அவை புட்டியில் தங்கிப்போன சாயத்தின் படிவுகள். அன்றிலிருந்து சாயத்தை வடிதாளில் வடிகட்டியே எடுக்கிறேன். சாயமேற்றல் சரியா என்று ஒப்பிட, வகை தெரிந்த இரு கிருமிகளை ஒரே ஸ்லைடின் ஓரத்தில் உடன் ஏற்றிப் பார்க்கும் வழக்கத்தையும் விடுவதில்லை.

இதே கிரிஸ்டல் வயலட்தான் ஜென்ஷியன் வயலட் என்ற பெயரில் வாய்ப்பூஞ்சைக்குத் தடவப்பட்டது. பெயரில் ஜென்ஷியன் பூ இருந்தாலும், நிறம் தவிர வேறு உறவில்லை. விலங்கு ஆய்வுகளில் தெரிந்த புற்றுநோய் அபாயத்தைக் காட்டி 2019-இல் கனடாவின் சுகாதாரத் துறை எச்சரித்திருப்பதால், என் உடன்பிறந்த அக்காளின் குழந்தைக்கு நாக்கு வெளுத்தபோது, அம்மா பழைய பழக்கத்தில் அதை வாங்கிவரச் சொன்னதற்கு நான் இணங்கவில்லை. மருத்துவரிடமே அழைத்துச் சென்றோம்.

செய்முறைத் தேர்வில் என் ஸ்லைடில் ஊதாக் கொத்துகளும் சிவப்புக் கோல்களும் தனித்தனியே தெரிந்தன. கிருமிகளை வளர்க்கப் பயன்படும் மேக்கான்கி ஊடகத்தில் கிரிஸ்டல் வயலட் எதற்கு என்று தேர்வாளர் கேட்டார். கிராம் பாசிட்டிவ் கிருமிகள் வளராமல் தடுப்பதற்கு என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, ஊதாவேறியிருந்த என் விரல் நகங்களைப் பார்த்து, கையுறை எங்கே என்று கேட்டார்.