கப்பலேறிய ஏசல் பாட்டு

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டு ஏசல் பாட்டு சம்பந்தி வீட்டாரைப் பார்த்துப் பாடுவது. பெண்ணின் நிறம், மூக்கு, கொண்டுவந்த சாமான் எல்லாம் அதில் கேலிக்கு வரும். சிங்கப்பூரில் பொங்கல் ஒன்றுகூடலுக்கு ஆச்சிமார் (செட்டிநாட்டுப் பெண்கள்) அந்த மெட்டை எடுத்தால், முதலில் மாற்றவேண்டியது கேலியின் குறியை. ஒரே வாயால் இரண்டு பேச்சுப் பேசுகிறவர் மேல்தான் அது விழவேண்டும்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் செட்டியார் தனியாகக் கப்பலேறினார். மூன்று வருஷத் தவணை முடியும்வரை வளவையும் (வீட்டையும்) வரவுசெலவையும் பார்த்தவர் ஆச்சி. இப்போது பெண்ணும் கூடவே வருகிறாள், பெரும்பாலும் டிபெண்டன்ட் பாஸில், அதாவது அங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான அனுமதியில். வேலைக்குப் போக 2021 மே 1 முதல் அந்த பாஸ் மட்டும் போதாது. வேலை தரும் கம்பெனி தனியாக ஒர்க் பாஸ் எடுத்துத் தரவேண்டும். பெண் பார்க்கும்போது எம்.பி.ஏ. கேட்ட குடும்பமே ஆறு மாதத்தில் ‘சும்மாதானே இருக்கா’ என்கிறது. வேலை கிடைத்துவிட்டால், ‘இடியாப்பம் யார் பிழிவா?’

பாட்டை அப்படிப் பேசுகிறவர் குரலிலேயே எழுதுங்கள்:

படிச்ச பொண்ணு வேணுமின்னு பத்து ஊரு பாத்தேன்,
வேலைக்குன்னு கெளம்பினதும் வெலவெலத்து வேர்த்தேன்!

இப்படி இரண்டடி சேர்ந்தது ஒரு கண்ணி. ஐந்து கண்ணி போதும். பல்லவியோடு நான்கு நிமிஷம் வரும். சிரிப்பு வரவேண்டிய சொல் அடியின் கடைசியில் நிற்கட்டும். நடுவில் வைத்தால் சிரிப்புச் சத்தத்தில் மிச்ச அடி காதில் விழாது. ஒவ்வொரு கண்ணிக்கும் பின் பல்லவியை இரண்டு தரம் பாடுவதும் அதற்காகத்தான்: சபை அடங்க நேரம் கிடைக்கும். கரோக்கி டிராக் யாருக்காகவும் நிற்காது, அதனால் கைதட்டிக் கும்மித் தாளமே நல்லது. முன்பாட்டுக்காரருக்கு ஒரு மைக், பின்பாட்டு ஐந்து பேருக்குப் பொதுவாக ஒன்று.

அடிக்கடி நடக்கும் பிழை, எல்லாக் கண்ணியையும் மாமியார் வாயில் வைத்துவிடுவது. அப்போது அது பெண்ணுக்குப் பெண் சண்டையாகிவிடும். முன்வரிசை ஆண்கள் நிம்மதியாகச் சிரிப்பார்கள். இரண்டு கண்ணியாவது மகன் குரலில் இருக்கட்டும், ஆணே பாடட்டும். ‘வீட்டு மகாலட்சுமி நீ’ என்று புகழ்ந்துவிட்டு அவள் சம்பளக் கார்டைத் தன் பர்ஸில் வைத்துக்கொள்கிறவனுக்கு ஒரு கண்ணி நிச்சயம் வேண்டும்.

‘இது நியாயமா?’ என்று கடைசியில் கேட்டு முடிக்காதீர்கள். பல்லவியோடு நிறுத்துங்கள்.