இரவு ஒரு மணிக்கு எழுந்த நீலக் கோடு

2014 பிப்ரவரி முதல் வாரம். கோவையில் நான் அப்போது வேலை பார்த்த சிறு மென்பொருள் நிறுவனத்துக்கு மாதாமாதம் வரும் சர்வர் பில், அந்த முறை ஏறத்தாழ மூன்று மடங்காக வந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். வாடிக்கையாளர்களின் கணக்குவழக்கு மென்பொருள் அதில்தான் ஓடியது. சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் அதை வாடகைக்கு எடுத்திருந்தோம். வாடகை மாறவில்லை. டிராஃபிக் என்று போட்டிருந்த ஒரு வரி மட்டும் ஏறியிருந்தது.

மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்: "இவ்வளவு டேட்டாவை யார் இழுத்தது?"

என்னிடம் பதில் இல்லை. சர்வரில் எவ்வளவு இடம் மீதி, எவ்வளவு நினைவகம் செலவாகிறது, யார் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. வெளியே எவ்வளவு போகிறது என்பதை மட்டும் நான் ஒரு நாளும் அளந்து வைக்கவில்லை. அந்த ஓட்டையில்தான் சந்தேகம் நுழைந்தது. இரவுப் பணியில் தனியாக இருக்கும் தம்பி ஒருவன் இருந்தான். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சர்வருக்கான கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். "ராத்திரியில் சினிமா இறக்குகிறானோ என்னவோ" என்று முதலில் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாலைக்குள் அந்தப் பேச்சு எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. அவன் காதிலும்தான்.

"அண்ணா, நான் எதுவும் செய்யவில்லை" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் அவனை நம்பினேன். ஆனால் என் நம்பிக்கையைக் கொண்டுபோய் மேலாளரிடம் ஆதாரமாகக் காட்ட முடியாது.

சர்வரில் போக்குவரத்தை அளப்பது பெரிய வித்தை இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், இயந்திரம் ஓடத் தொடங்கிய நொடியிலிருந்து ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் எத்தனை பைட் வந்தது, எத்தனை பைட் போனது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் மின்வாரிய மீட்டர் ஓடுவது போலத்தான். மீட்டரில் இருக்கும் எண் தனியாக எதையும் சொல்லாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து குறித்துவிட்டுப் போகிறவர், இந்த முறை எண்ணிலிருந்து போன முறை எண்ணைக் கழித்தால்தான் யூனிட் கிடைக்கும். எங்கள் சர்வரிலும் மீட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரீடிங் எடுக்கத்தான் ஆள் இல்லை.

அந்த வேலைக்கு நான் எடுத்துக்கொண்டது எம்ஆர்டிஜி. அப்போதே பழைய மென்பொருள்தான். இங்கிலாந்தில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதத் தொடங்கியது, 1995இல் வெளியிட்டது. அவர் இருந்த இடத்தில் வெளியுலகத்துக்கு இருந்ததே 64 கிலோபிட் இணைப்பு ஒன்றுதான். அது எப்படி ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அதற்காகப் பிறந்த கருவி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்என்எம்பி வழியாக (இயந்திரத்தின் நிலவரத்தை வெளியிலிருந்து கேட்டறியும் முறை அது) மீட்டரைப் படித்து, வித்தியாசத்தை நேரத்தால் வகுத்து, ஒரு வரைபடத்தில் போடும். உள்ளே வருவது பச்சை, வெளியே போவது நீலம். பழைய விவரங்களைச் சுருக்கிக்கொண்டே போவதால் பதிவுக் கோப்பு வருடக்கணக்கில் ஓடினாலும் பெருகாது. இன்று அழகான கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் ஒரே ஒரு சர்வருக்கு இந்த எளிமை போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நிறுவும்போது ஒரு பிற்பகல் முழுவதையும் ஒரே இடம் தின்றது. எஸ்என்எம்பி சேவையை ஓட விட்டு, என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். சர்வரின் பெயர் வந்தது, எத்தனை நாளாக ஓடுகிறது என்று வந்தது, அவ்வளவோடு நின்றுவிட்டது. நெட்வொர்க் கார்டு பற்றி ஒரு வரிகூட இல்லை. கார்டில் கோளாறோ என்று தேடினேன், பதிப்பை மாற்றிப் பார்த்தேன். காரணம் அமைப்புக் கோப்பிலேயே இருந்தது. பாதுகாப்புக்காக, நிறுவியவுடன் அது சர்வரின் பொது விவரங்களை மட்டுமே காட்டும்படி வைத்திருக்கிறார்கள். நெட்வொர்க் கார்டுகளின் கிளை 1.3.6.1.2.1.2 என்ற எண்ணில் தொடங்குகிறது. அதையும் பார்க்க அனுமதி என்று ஒரு வரி சேர்த்ததும் எண்கள் கொட்டின. கூடவே, எல்லோருக்கும் தெரிந்த "பப்ளிக்" என்ற அனுமதிச் சொல்லை மாற்றினேன். எங்கள் அலுவலக முகவரியைத் தவிர வேறு எங்கிருந்தும் எஸ்என்எம்பியின் வாசலான 161ஆம் போர்ட்டைத் தொட முடியாதபடி ஃபயர்வாலில் அடைத்தேன். கண்காணிக்க வைத்த ஜன்னல் வழியாகவே திருடன் வந்துவிடக் கூடாது.

இதற்கிடையில் மேலாளர் ஒன்று கேட்டார்: "பாக்கெட்டைப் பிரித்தே பார்த்துவிடலாமே? அவன் என்ன செய்கிறான் என்று தெரிந்துவிடும்." நெட்வொர்க்கில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது, அவைதான் பாக்கெட். பிரிக்க முடியும்தான். ஆனால் எத்தனை தபால் வந்தது என்று எண்ணுவதும் உறையைக் கிழித்துப் படிப்பதும் ஒன்றல்ல. அந்தச் சர்வர் வழியாகப் போனது வாடிக்கையாளர்களின் கணக்கு. "முதலில் எண்ணுவோம் சார். எண்ணிக்கையே வழி காட்டும்" என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மறுநாள் காலை வரைபடத்தைத் திறந்தேன். பகல் முழுவதும் பச்சையும் நீலமும் தாழ்வாக, ஒன்றையொன்று ஒட்டியபடி போயிருந்தன. இரவு ஒரு மணிக்கு நீலக் கோடு மட்டும் செங்குத்தாக எழுந்து, நான்கு மணிவரை மேலேயே நின்று, பிறகு விழுந்திருந்தது. பச்சை அசைந்ததாகவே தெரியவில்லை. அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. சர்வரில் படம் இறக்கினால் முதலில் பச்சை எழ வேண்டும், வாங்காததை வெளியே அனுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தத் தம்பிக்கு வார விடுமுறை. அன்றும் அதே ஒரு மணிக்கு நீலக் கோடு எழுந்தது.

திங்கள் இரவு நானும் அவனுடன் அலுவலகத்தில் தங்கினேன். ஒன்று ஐந்துக்கு, போய்வரும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டேன், உறையின் மேல் எழுதியது போன்ற தலைப்பு விவரம் மட்டும் தெரியும்படி. திரை நிற்காமல் ஓடியது. வரிக்கு வரி ஒரே மாதிரி: எங்கள் சர்வரின் 123ஆம் போர்ட்டிலிருந்து, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு முகவரிக்கு, நீளம் 440 பைட். மறுபடி 440. மறுபடி 440. இடையிடையே அந்த முகவரியிலிருந்து வந்ததாக ஒரு சின்னஞ்சிறு கேள்வி.

"123 என்றால் கடிகாரம் சரிசெய்வதுதானே அண்ணா?" என்றான் தம்பி.

அதேதான். என்டிபி. சர்வரின் நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் சேவை. அதன் பழைய பதிப்புகளில் "மான்லிஸ்ட்" என்று ஒரு கட்டளை உண்டு. கடைசியாகத் தன்னோடு பேசிய இயந்திரங்களின் பட்டியலை, 600 முகவரிகள் வரை, அப்படியே ஒப்பித்துவிடும். ஒரு பாக்கெட்டுக்கு ஆறு முகவரி. ஒரு சிறு கேள்விக்கு நூறு பாக்கெட் வரை பதில். என்டிபி பேசுவது யுடிபி என்ற அனுப்பும் முறையில், அதில் கேட்பவர் யார் என்ற சரிபார்ப்பு கிடையாது. ஆகவே தாக்க நினைப்பவன், தாக்கப்பட வேண்டியவரின் முகவரியைப் போட்டுக் கேள்வி அனுப்புவான். பதில் வெள்ளம் போய் விழுவது அவர் தலையில். அந்தக் குளிர்காலத்தில் உலகெங்கும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. அதே பிப்ரவரியில், இணையதளங்களைத் தாக்குதலிலிருந்து காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர்மீது இதே முறையில் விநாடிக்கு 400 கிகாபிட் அளவை நெருங்கிய தாக்குதல் வந்தது.

யாரோ முன்பின் தெரியாதவரின் சர்வரை எங்கள் சர்வர் இரவிரவாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பில் தொகையைவிட அதுதான் என்னை வாட்டியது. என்டிபி அமைப்புக் கோப்பில் "டிஸேபிள் மானிட்டர்" என்று ஒரு வரி சேர்த்தேன். வெளியிலிருந்து வரும் விசாரிப்புகளுக்குப் பதில் சொல்லாதபடி இன்னொரு வரியைத் திருத்தினேன். சேவையை நிறுத்தித் தொடங்கினேன். 440 நின்றது. கேள்விகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. ஐந்து நிமிடம் கழித்து வரைபடத்தில் நீலம் தரையைத் தொட்டது. தம்பி எழுந்துபோய் இருவருக்கும் தேநீர் வாங்கி வந்தான்.

பில் ஏன் அப்படி ஏறியது என்பதற்கும் இதில் விடை இருந்தது. டேட்டா சென்டர்காரர்கள் 95 விழுக்காட்டுக் கணக்கில் பணம் வாங்குகிறவர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் முப்பது நாளில் 8640 அளவுகள். அவற்றில் மிக உயர்ந்த 432ஐத் தள்ளிவிட்டு அடுத்து நிற்பதற்குப் பில் போடுவார்கள். அதாவது மாதத்துக்கு 36 மணி நேரம் எவ்வளவு எகிறினாலும் கணக்கில் வராது. இரவுக்கு மூன்று மணி நேரம் என்றால் பன்னிரண்டு இரவில் அந்தச் சலுகை தீர்ந்துவிடும். பதின்மூன்றாம் இரவிலிருந்து எகிறிய அளவே பில்லாகிறது. விளக்கி எழுதி அனுப்பினோம். போன மாதத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். எங்கள் வரைபடம் பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. முழுத் தொகையையும் கட்டினோம். அந்தக் கருவியை ஒரு மாதம் முன்னால் போட்டிருக்கலாமே என்று நினைத்து இப்போதும் வருந்துகிறேன், பணத்துக்காக அல்ல. அந்தப் பையன் அந்த ஒரு வாரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தானே, அதற்காக. மேலாளர் அவனை எல்லோர் முன்னிலும் அழைத்து, தவறு அவன்மேல் இல்லை என்று சொன்னார்.

அடுத்த ஆண்டு சர்வரை மாற்றினோம். நூறு மெகாபிட் இணைப்பு போய் ஒரு கிகாபிட் வந்தது. எம்ஆர்டிஜி அமைப்பை அப்படியே பழையதிலிருந்து எடுத்துப் போட்டேன். வரைபடம் ஒழுங்காகத்தான் ஓடியது, அல்லது அப்படித் தோன்றியது. ஆறு மாதம் மாதாந்தர அறிக்கையில் அதே எண்களை எழுதினேன்.

அதில் குறை கண்டவன் அந்தத் தம்பிதான். "அண்ணா, இந்தக் கோடு 114 மெகாபிட்டைத் தாண்டுவதே இல்லை, கவனித்தீர்களா? பேக்கப் வேகமாக ஓடும் இரவில் இன்னும் கீழே இறங்குகிறது."

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பழைய முறையில் எஸ்என்எம்பியின் மீட்டர் 32 பிட், அதாவது இரும எண்ணில் 32 இலக்கம்தான். 429 கோடி சொச்சம் பைட் வரை எண்ணிவிட்டு, ஸ்கூட்டர் மீட்டர் 99999க்குப் பிறகு சுழியத்துக்குப் போவது போல மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நூறு மெகாபிட் வேகத்தில் ஒரு சுற்று சுற்ற ஐந்தே முக்கால் நிமிடம் ஆகும். நாங்கள் படிப்பது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்பதால் தப்பித்தோம். ஒரு கிகாபிட்டில் முப்பத்து நான்கு விநாடியில் சுற்றிவிடும். இரண்டு ரீடிங்குக்கு நடுவில் எத்தனை முறை சுற்றினாலும் கருவிக்குத் தெரியாது. 32 பிட்டை ஐந்து நிமிடத்தில் எப்படிக் கழித்தாலும் 114 மெகாபிட்டுக்கு மேல் விடை வராது.

உறுதி செய்துகொள்ள, பக்கத்து ரேக்கில் எடுத்திருந்த இன்னொரு இயந்திரத்துக்கு 20 ஜிபி கோப்பு ஒன்றை அனுப்பினோம். மூன்று நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வரைபடக் கணக்கில் 4 ஜிபிகூடத் தேறவில்லை. நான்கு முறை சுற்றியதைக் கருவி பார்க்கவே இல்லை.

ஆறு மாத அறிக்கையும் தவறு என்று அன்று மாலையே மேலாளருக்கு எழுதினேன். எழுதிவிட்டு வந்து பார்த்தால், தம்பி அதற்குள் 64 பிட் மீட்டரைப் படிக்கும்படி அமைப்பை மாற்றி வைத்திருந்தான். அதே கோப்பை மறுபடி அனுப்பினான். கடிகாரம் ஆறு ஐம்பத்து மூன்று காட்டியது. அடுத்த ரீடிங் ஆறு ஐம்பத்தைந்துக்கு. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.